1000 பெரிதா, 133 பெரிதா?

பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, வீட்டுக்குள் ஒரு ஃபைல் சர்வராக ஓட்டலாம் என்று இறங்குகிறவர்கள் சீக்கிரமே இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். நெட்வொர்க் கார்டின் பெட்டியில் 1000 என்று போட்டிருக்கிறது. ஹார்டு டிஸ்க்கின் லேபிளில் அல்ட்ரா ஏடிஏ 133 என்று இருக்கிறது; ஏடிஏ என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறை. பார்த்தவுடன் நெட்வொர்க்தான் ஏழெட்டு மடங்கு வேகம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் தலைகீழாகிறது: 1000-ஐ விட 133 பெரிது. சரி, டிஸ்க்தான் வேகம் என்று நம்பி ஒரு பெரிய ஃபைலைக் காப்பி போட்டால் மறுபடியும் தலைகீழ்: அந்தக் காலத்து 133 டிஸ்க், 1000 வயரில் பாதியை நிரப்பவே திணறும்.

இரண்டு எண்ணும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நின்று அளந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் படி எல்லோருக்கும் தெரிந்த வகுத்தல்தான். நெட்வொர்க்காரர்கள் பிட்டில் பேசுவார்கள், டிஸ்க்காரர்கள் பைட்டில் பேசுவார்கள், எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 10 மெகாபிட் ஈதர்நெட் (கம்ப்யூட்டர்களை வயரில் இணைக்கும் நெட்வொர்க் முறை) என்றால் நொடிக்கு 1.25 மெகாபைட், 100 என்றால் 12.5, கிகாபிட் என்றால் 125. திருப்பிப் போட்டால் ஏடிஏ 33 என்பது சுமார் 267 மெகாபிட், ஏடிஏ 66 என்பது 533, ஏடிஏ 100 என்பது 800, ஏடிஏ 133 என்பது ஏறத்தாழ 1067. கிகாபிட் வயருக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டிய டிஸ்க் இணைப்பு எது என்றால் ஏடிஏ 133-தான். ஒரு மயிரிழையில் அது முந்துகிறது. இன்டர்நெட் கம்பெனி விற்கும் 100 எம்பிபிஎஸ் பிளானில் டவுன்லோடு 12-க்கு மேல் ஏறவில்லையே என்று சண்டைக்குப் போகிறவர்களுக்கும் இதே வகுத்தல்தான் பதில்.

ஒரு பக்கம் பிட், மறுபக்கம் பைட் என்று ஏன் இப்படிப் பிரிந்தது? ஆரம்பத்தில் பிரியவே இல்லை. 1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்று கம்பெனிகளும் சேர்ந்து 10 மெகாபிட் ஈதர்நெட்டின் விவரக் குறிப்பை வெளியிட்டன. அதே 1980-ல்தான், பின்னால் சீகேட் என்று பெயர் மாறிய ஷுகார்ட் டெக்னாலஜி, எஸ்டி-506 என்ற 5 மெகாபைட் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தது. அதன் வேகம் எப்படிச் சொல்லப்பட்டது தெரியுமா? 5 மெகாபிட். அந்த டிஸ்க்குக்குப் பைட் என்றாலே என்னவென்று தெரியாது. தட்டின் மேல் மிதக்கும் ஹெட் படித்த காந்தத் துடிப்புகளை, ஒன்றன் பின் ஒன்றாக, அப்படியே கேபிளில் தள்ளிவிடும். அதைப் பிரித்து பிட்டாக்கி, பிட்டைச் சேர்த்து பைட்டாக்குவது கம்ப்யூட்டருக்குள் செருகியிருந்த கண்ட்ரோலர் கார்டின் வேலை. வரிசையாக வருவதை பிட்டில் எண்ணுவதுதானே வழக்கம். வயரும் டிஸ்க்கும் அன்றைக்கு ஒரே பாஷை பேசின. அந்த பாஷையில் வயரின் வேகம் டிஸ்க்கைப் போல இரண்டு மடங்கு!

இந்த எஸ்டி-506 குடும்பத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பெட்டியில் போட்ட எண்ணுக்கும் கையில் கிடைப்பதற்கும் உள்ள தூரம் இங்கே அப்பட்டமாகத் தெரியும். 1983-ல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி-யில் இருந்த 10 மெகாபைட் டிஸ்க்கும் இதே இணைப்புதான். 5 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் நொடிக்கு 625 கிலோபைட். தட்டு நிமிஷத்துக்கு 3600 சுற்று, அதாவது நொடிக்கு 60. ஒரு டிராக்கில் 17 செக்டார், ஒவ்வொன்றிலும் 512 பைட். மூன்றையும் பெருக்கினால் 522 கிலோபைட்தான் வருகிறது. மிச்சம் நூறு, செக்டார்களுக்கு இடையே விடும் இடைவெளியிலும் முகவரிக் குறிப்புகளிலும் போய்விட்டது. அதோடு நிற்கவில்லை. ஒரு செக்டாரைப் படித்து முடித்து அடுத்ததுக்குத் தயாராவதற்குள் தட்டு சுழன்று அதைத் தாண்டிப் போய்விடும். எனவே அடுத்தடுத்த எண்ணுள்ள செக்டார்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல், ஆறு இடம் தள்ளித் தள்ளி வைத்தார்கள். ஒரு டிராக்கை முழுதாகப் படிக்க ஆறு சுற்று. 522-ஐ ஆறால் வகுத்தால் 87 கிலோபைட். 5 மெகாபிட் என்று பெயர் வாங்கிய டிஸ்க், உண்மையில் தந்தது 0.7 மெகாபிட். அடுத்த வருடம் வந்த ஏடி மாடலில் ஆறு மூன்றாகக் குறைந்தது, வேகம் இரட்டிப்பானது. டிஸ்க்கின் இணைப்பு அப்போதும் அதே 5 மெகாபிட்தான்.

1980-களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஹார்டு டிஸ்க்கே இல்லாத ஒர்க்ஸ்டேஷன்களை விற்றதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றாது. டிஸ்க் சர்வரில் இருக்கும், மேஜையில் இருக்கும் மெஷின் ஈதர்நெட் வழியாக பூட் ஆகி, ஃபைல்களையும் அதே வழியாகவே எடுக்கும். டிஸ்க் விலை யானை விலை என்பது முதல் காரணம். வயர் டிஸ்க்கை விட மெதுவாக இல்லை என்பதும் ஒரு காரணம். அந்த 10 மெகாபிட்டை ஒரே கோஆக்சியல் கேபிளில் தொங்கும் எல்லா மெஷின்களும் பங்கு போட்டுக்கொண்டதால், காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆன் செய்தால் என்ன ஆகும் என்பது வேறு கதை.

பாஷை பிரிந்தது ஐடிஇ என்ற டிஸ்க் இணைப்பு வந்த பிறகு. கண்ட்ரோலரை டிஸ்க்கின் அடியிலேயே ஒட்டிவிட்டார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலும் காம்பாக்கும் 80-களின் நடுவில் தொடங்கிவைத்த இந்த ஏற்பாடு 1994-ல் ஏடிஏ என்ற பெயரில் முறையான தரநிலையானது. இப்போது டிஸ்க்குக்குள்ளேயே துடிப்பு பைட்டாகிவிடுகிறது. கேபிளில் வருவது 16 பிட், அதாவது ஒரு தடவைக்கு இரண்டு பைட், பக்கவாட்டில் ஒன்றாக. பைட்டாகவே வருவதை பைட்டில்தானே எண்ணுவார்கள். பிஐஓ மோடு 4 என்ற பழைய முறையில் 120 நானோநொடிக்கு ஒரு தடவை. நொடிக்கு 83 லட்சத்துச் சொச்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், ஆக 16.7 மெகாபைட். பிராசஸர் தலையிடாமல் தரவு நேரே மெமரிக்குப் போகும் அல்ட்ரா டிஎம்ஏ வந்தபோது கடிகாரத் துடிப்பு ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது இன்னொரு தடவை என்று இரண்டாக்கினார்கள்; 33 கிடைத்தது. அப்புறம் துடிப்பைச் சுருக்கிச் சுருக்கி 66, 100, 133.

33-ஐத் தாண்டியதும் பழைய 40 கம்பி ரிப்பன் கேபிள் தாங்கவில்லை. பக்கத்துக் கம்பியின் சிக்னல் இதில் கசிந்தது. அதனால் ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் நடுவே ஒரு கிரவுண்டு கம்பி வைத்து 80 கம்பி ஆக்கினார்கள். கனெக்டர் மட்டும் அதே 40 பின். வெளியிலிருந்து பார்த்தால் கம்பி மெலிதாக, நெருக்கமாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் பழைய கேபிளை அள்ளிக்கொண்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 40 கம்பியைப் போட்டால் மதர்போர்டு அதைக் கண்டுபிடித்து, டிஸ்க் 133-ஆகவே இருந்தாலும் 33-க்கு இறக்கிவிடும். விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஒரு படி மேலே போய், கேபிள் கோளாறால் பிழைகள் திரும்பத் திரும்ப வந்தால் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் டிஎம்ஏ-வையே கைவிட்டு பிஐஓ-வுக்குப் போய்விடும். அந்த நிலையில் ஒவ்வொரு இரண்டு பைட்டையும் பிராசஸரே கையால் எடுத்து வைக்கும். நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று ஸ்விட்ச்சை மாற்றுவதற்கு முன் டிவைஸ் மேனேஜரில் இதை ஒருமுறை பார்த்துவிடுவது உத்தமம்.

2003-ல் ஏடிஏ-வின் அடுத்த தலைமுறையான சாட்டா டிஸ்க்குகள் கடைக்கு வந்தபோது காலம் ஒரு வட்டம் அடித்தது. மறுபடியும் பிட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக, மறுபடியும் பெயரில் பிட்: 1.5 கிகாபிட். இங்கேதான் எட்டால் வகுக்கிறவர்கள் வழுக்குவார்கள். 1500-ஐ எட்டால் வகுத்தால் 187.5 வரும். ஆனால் சாட்டா 1-ன் வேகம் 150. ஏனென்றால் சாட்டா வயரில் ஒவ்வொரு எட்டு பிட்டும் பத்து பிட்டாக மாற்றி அனுப்பப்படுகிறது. தொடர்ந்து ஒரே மாதிரி பூஜ்யங்களாகவோ ஒன்றுகளாகவோ போனால் மறுமுனை தாளம் தப்பிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே சாட்டாவுக்கு வகுக்க வேண்டியது பத்தால்: 1.5 என்றால் 150, 3 என்றால் 300, 6 என்றால் 600.

ஈதர்நெட்டுக்கு மட்டும் ஏன் எட்டு? அங்கே இந்த மாதிரி உபரி இல்லையா? தாராளமாக இருக்கிறது. ஃபைபரில் ஓடும் கிகாபிட் ஈதர்நெட் இதே எட்டைப் பத்தாக்கும் முறையைத்தான் பயன்படுத்துகிறது. அதன் வயரில் உண்மையில் ஓடுவது 1.25 கிகாபிட். 100 மெகாபிட் ஈதர்நெட்டிலும் நாலு பிட்டை ஐந்தாக்குகிறார்கள், வயரில் 125. ஆனால் ஈதர்நெட்காரர்கள் அந்த உபரியைக் கழித்துவிட்டுப் பெயர் வைத்தார்கள், சாட்டாகாரர்கள் கழிக்காமல் வைத்தார்கள். சாட்டா 1-க்கு நெட்வொர்க் முறையில் பெயர் வைத்திருந்தால் 1.2 கிகாபிட் என்று இருந்திருக்கும். விற்பனைக்கு 1.5 என்பது கொஞ்சம் எடுப்பாகத்தான் இருக்கிறது, மறுக்க முடியாது.

சரி, உபரியைக் கழித்துச் சொன்ன 125 முழுதாகக் கைக்கு வருமா என்றால் அதுவும் வராது. ஈதர்நெட்டில் தரவு 1500 பைட் பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முன்னறிவிப்பு 8 பைட், முகவரி 14, சரிபார்ப்பு 4, அடுத்த பொட்டலத்துக்கு முன் 12 பைட் அளவு மௌனம். வயரில் பிடிக்கும் இடம் 1538. உள்ளே இருக்கும் 1500-லும் பொட்டலத்தை வழிநடத்தும் ஐபி, டிசிபி குறிப்புகள் ஆளுக்கு 20 எடுத்துக்கொள்ள, நம் ஃபைலுக்கு மிஞ்சுவது 1460. 1460-ஐ 1538-ஆல் வகுத்தால் 95 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. 125-ல் அது 118.7 மெகாபைட். ஆனால் விண்டோஸ் காப்பி போடும்போது காட்டும் எண் 113-ஐத் தாண்டாது. நடுவில் ஐந்து எங்கே போனது? எங்கும் போகவில்லை. வயரும் டிஸ்க் கேபிளும் மெகா என்றால் பத்து லட்சம் என்று எடுத்துக்கொள்கின்றன. விண்டோஸ் 1024-ஐ 1024-ஆல் பெருக்கி, 10,48,576 என்று எடுத்துக்கொள்கிறது. 118.7-ஐ அந்தக் கணக்கில் போட்டால் 113.2. அதே வழியில் 100 மெகாபிட் வயருக்கு 11.3. இந்த இரண்டு எண்களும் திரையில் அசையாமல் நின்றால் வயர் முழுக் கொள்ளளவில் ஓடுகிறது, இனி எதையும் நோண்ட வேண்டாம் என்று அர்த்தம்.

இவ்வளவும் கேபிளைப் பற்றிய பேச்சு. டிஸ்க் என்பது கேபிள் இல்லை. மோட்டார் எவ்வளவு இறைக்கிறதோ அவ்வளவு தண்ணீர்தான் தொட்டிக்கு வரும், குழாய் எத்தனை அங்குலமாக இருந்தால் என்ன? ஏடிஏ 66, 100 காலத்தில், அதாவது 2000-ஐ ஒட்டி, நல்ல 7200 சுற்று டிஸ்க் ஒன்று தட்டின் வெளி ஓரத்தில் நொடிக்கு 30-லிருந்து 40 மெகாபைட்டுக்குள் தரும். உள் ஓரத்துக்குப் போகப் போக ஒரு சுற்றில் அடங்கும் செக்டார்கள் குறைவதால் வேகம் பாதியை ஒட்டி வந்துவிடும். ஏடிஏ 133 வந்த சில வருடங்களில் வெளி ஓர வேகம் 50, 60 ஆனது. அப்படியென்றால் 100, 133 எதற்கு? டிஸ்க்கின் மேல் இருக்கும் 2 மெகாபைட், 8 மெகாபைட் கேஷ் என்ற தற்காலிக நினைவகத்தில் ஏற்கெனவே இருப்பதை எடுக்கும் ஒரு கணத்துக்கு அந்த வேகம் உண்டு. அப்புறம், ஒரே கேபிளில் மாஸ்டர், ஸ்லேவ் என்று இரண்டு டிஸ்க் தொங்கும்போது இருவருக்கும் பங்கு வைக்க வேண்டுமே. மற்றபடி அது பெட்டியில் அச்சடிக்கத்தான் பயன்பட்டது என்பது என் எண்ணம்.

கேபிளுக்கும் தட்டுக்கும் வெளியே இன்னொரு இடுக்கு இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுவார்கள்: மதர்போர்டில் கார்டுகளைச் செருகும் பிசிஐ பாதை. 33.3 மெகாஹெர்ட்ஸ், ஒரு துடிப்புக்கு நாலு பைட், மொத்தம் 133 மெகாபைட். அதில் செருகிய எல்லா கார்டுகளுக்கும் சேர்த்து, போகவும் வரவும் சேர்த்து 133. கிகாபிட் ஈதர்நெட் ஒரே சமயத்தில் போகும் திசையில் 125, வரும் திசையில் 125 தரக்கூடியது. அதை பிசிஐ-யில் செருகினால் ஒரு திசைக்கே மூச்சு முட்டும். பழைய போர்டில் 133 டிஸ்க்குக்காகத் தனியே ஒரு பிசிஐ கண்ட்ரோலர் கார்டும் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். நெட்வொர்க் கார்டிலிருந்து மெமரிக்குப் போக ஒருமுறை, மெமரியிலிருந்து டிஸ்க்குக்குப் போக இன்னொருமுறை என்று ஒவ்வொரு பைட்டும் அதே பாதையில் இரண்டு தரம் பயணிக்கிறது. 133-ல் பாதி 66; நடைமுறையில் 50-ஐப் பார்த்தாலே பெரிது. இன்டெல் 1999-ல் 810 சிப்செட்டோடு ஐடிஇ-யை பிசிஐ-யிலிருந்து பிரித்து 266 மெகாபைட் தனிப்பாதையில் விட்டதும், 2003-ல் 865, 875 சிப்செட்டுகளில் கிகாபிட்டுக்கென்றே இன்னொரு 266 பாதை போட்டதும் இந்த நெரிசலுக்காகத்தான். எனவே பழைய போர்டில் ஐடிஇ டிஸ்க்கை, கார்டில் செருகாமல் போர்டிலேயே இருக்கும் சாக்கெட்டில் செருகுவது நல்லது. அது ஏடிஏ 66-ஆக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு நிஜமான கேஸை எடுத்துக்கொள்வோம். பென்டியம் 3 மெஷின், 20 ஜிபி ஐடிஇ டிஸ்க், அதிலிருப்பதை முழுதாக வேறு மெஷினுக்கு எடுக்க வேண்டும். 100 மெகாபிட் வயரில் 11.8 மெகாபைட் வீதம் 28 நிமிஷம் ஆகும். கிகாபிட் கார்டு வாங்கிப் போட்டால் பத்தில் ஒரு பங்கு, மூன்று நிமிஷத்தில் முடியும் என்று ஆசைப்படக் கூடாது. டிஸ்க் சராசரியாக 25 தந்தால் 13 நிமிஷம். வயர் பத்து மடங்கு வேகமானது, நமக்குக் கிடைத்த லாபம் இரண்டு மடங்கு.

இந்த 13-ம் பெரிய பெரிய ஃபைலாக இருந்தால்தான். டிஸ்க் முழுக்கக் குட்டிக் குட்டி ஃபைல் என்றால் கதை கந்தல். ஹெட் சரியான டிராக்குக்கு நகர சுமார் 9 மில்லிநொடி, தட்டு அரைச் சுற்று வர 4 மில்லிநொடி, ஃபைலுக்கு 13. நொடிக்கு எழுபத்தைந்து, எழுபத்தாறு ஃபைல். ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் மொத்தம் 300 கிலோபைட், அதாவது 2.5 மெகாபிட். 1980-ன் அந்த முதல் 10 மெகாபிட் ஈதர்நெட்டிலேயே முக்கால்வாசி சும்மா கிடக்கும். இப்படிப்பட்ட டிஸ்க்குக்கு ஃபைல் ஃபைலாகக் காப்பி போடாமல், மொத்தத்தையும் ஒரே இமேஜாக முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை உருவி எடுப்பதுதான் வேகமான வழி.

சர்வர் உலகத்தில் இந்த ஒப்பீட்டுக்கு நிஜமாகவே பணம் தொங்கிக்கொண்டிருந்தது. சர்வர் டிஸ்க்குகளின் இணைப்பான ஸ்கஸி 5 மெகாபைட்டில் தொடங்கி 10, 20, 40, 80, 160 என்று இரட்டித்து 320-ல் போய் நின்றது. 320 மெகாபைட் என்பது 2560 மெகாபிட். 2004-ல் ஐஸ்கஸி தரநிலையாகி, ஸ்கஸி கட்டளைகளை சாதாரண ஈதர்நெட்டிலேயே அனுப்பலாம் என்று ஆனபோது, கிகாபிட் வயர் அந்தக் கேபிளில் பாதிகூட இல்லையே என்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் அந்த 320-ஐப் பதினைந்து டிஸ்க் வரை பங்கு போடும், கேபிளோ பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போகாது. கோரெய்ட் என்ற கம்பெனி இன்னும் துணிந்து, ஏடிஏ கட்டளைகளை டிசிபி, ஐபி எதுவும் இல்லாமல் நேரடியாக ஈதர்நெட் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பியது. 125-க்கும் 133-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அதன் பிறகு டிஸ்க் மெல்ல வயரைப் பிடித்தது. 2010 வாக்கில் தனி ஒரு சாட்டா ஹார்டு டிஸ்க்கே வெளி ஓரத்தில் 125-ஐத் தாண்ட ஆரம்பித்துவிட்டது. வீட்டு நெட்வொர்க் கிகாபிட்டிலேயே நின்றுபோனது. இன்றைய பெரிய ஹார்டு டிஸ்க்குகள் 250-ஐ ஒட்டித் தருகின்றன. 2016-ல் வைஃபை கருவிகளுக்காக, பழைய கேபிளிலேயே ஓடும்படி வந்த 2.5 கிகாபிட் ஈதர்நெட் எட்டால் வகுத்தால் 312. சாட்டா 2-ன் 300-க்குப் பக்கத்து வீடு. கூடவே வந்த 5 கிகாபிட் 625. சாட்டா 3-ன் 600-க்குப் பக்கத்து வீடு. ஹார்டு டிஸ்க் போட்டு நெட்வொர்க்கில் மாட்டும் நாஸ் பெட்டிக்கு 2.5 ஏன் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது இப்போது தெரியும். எஸ்எஸ்டி போட்டவர்களுக்கு அதுவும் போதாது.

பரணிலிருந்து இறக்கிய அந்த ஐடிஇ மெஷினுக்கு வருவோம் என்றால், அதில் 100 மெகாபிட் கார்டு இருந்தால் அதை மாற்ற அவசரப்பட வேண்டாம். பழைய டிஸ்க்கைக் காலி செய்வது மட்டும்தான் வேலை என்றால், டிஸ்க்கைக் கழற்றி ஐடிஇ-யிலிருந்து யுஎஸ்பி 2-க்கு மாற்றும் அடாப்டரில் மாட்டுங்கள். யுஎஸ்பி 2-ன் 480 மெகாபிட் காகிதத்தில் 60 மெகாபைட், கையில் 30-லிருந்து 40. 2000-ம் வருடத்து டிஸ்க்கின் முழு வேகமும் அதற்குள் அடங்கிவிடும். மெஷினை நிரந்தர சர்வராக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டால் மட்டும் கிகாபிட் கார்டுக்குச் செலவழிக்கலாம், அதுவும் 80 கம்பி கேபிள் இருக்கிறதா என்று பார்த்த பிறகு.